கோணிய அலிஃப்

முப்பதாண்டுகளாக நாம் கரும்பலகையில் அலிஃப் எழுதி வருகிறோம். அரபு எழுத்துக்களில் எளிதானது அதுவே என்று பிள்ளைகள் எண்ணுவர். எழுதிப் பழகியவர்களோ அதுவே அரிது என்பர். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. மூச்சு அசைந்தால் கோடும் அசைந்துவிடும். 2022ஆம் ஆண்டு ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை, கிள்ளையில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில், நாம் எழுதிய அலிஃப் நெளிந்து நின்றது. அழித்துவிட்டு மீண்டும் எழுதினோம். மீண்டும் நெளிந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பதினொரு வயதுச் சிறுவன், "ஹஜ்ரத், அலிஃப் பாம்பு மாதிரி இருக்கு" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். நாம் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டோம்.

பிரம்பைக் கையில் எடுக்காத உஸ்தாது என்று ஊரில் நமக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அவன் அழவில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்தான். கிதாபை மூடி, ரைஹாலை மடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம், நாமே போயிருக்கலாம். "பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை" என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். அந்தச் சொல்லையும் சாதாரணமாகச் சொல்லவில்லை, உரக்கச் சொன்னோம்.

அந்த நாட்களில் எதையுமே உரக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். சோற்றில் உப்புக் கூடிற்றென்று ஒரு பொழுது, மின்விசிறி மெல்லச் சுற்றுகிறதென்று ஒரு பொழுது. மார்கழிக் குளிரில் ஊரார் போர்வைக்குள் முடங்கிக் கிடக்க, நாம் திண்ணையில் சட்டையின்றிப் படுத்திருந்தோம். உப்பனாற்றுக் காற்று உடம்பில் படுவது சுகமாக இருந்தது. இருவர் உண்ணும் சோற்றை ஒருவராக உண்டோம். எனினும் நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ எடை குறைந்தது. நெஞ்சு ஓயாமல் படபடத்தது. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சிரைத்தது. இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், தலையணைக்குள் யாரோ ஓடுவது போன்ற ஓசை கேட்கும். அது நம் இதயம்தான் என்று புரிந்துகொள்ளச் சில இரவுகள் ஆயின.

எடை குறைந்ததைப் பார்த்தவர்கள் சர்க்கரை என்றனர். சர்க்கரை இல்லையென்று சோதனை சொல்லிற்று. கண்ணேறு என்று கருதிய நம் வீட்டார் தண்ணீர் ஓதி வாங்கி வைத்தார்கள். அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஓதிய நீரைப் பருகியவர் மருத்துவரிடமும் போகலாம். போகாதது நம் குற்றம். இதில் நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொரு சங்கதியும் உண்டு. அந்நாட்களில் தொழுகையில் நமக்குக் கண்ணீர் பெருகும். சிறு காரணத்துக்கும் உள்ளம் உருகும். உடல் நடுங்கும். கல்பு இளகி வருகிறது, இது ஒரு நல்ல நிலை என்று நாம் எண்ணிக்கொண்டோம். அதே நாட்களில்தான் ஒரு பிள்ளையை அறைந்தோம், வீட்டாரைக் கடிந்தோம் என்பதை அந்த எண்ணத்தோடு வைத்து ஒத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் நாம் போன மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். "வயசாகுதில்ல ஹஜ்ரத், நரம்புத் தளர்ச்சி" என்று தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, படபடப்பு போகவில்லை. இவ்வாறு நான்கு மாதங்கள் வீணாயின.

கிள்ளையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஊர் எங்களுடையது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்காக எங்கள் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், வழியில் தைக்காலில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் முறைப்படி வரவேற்பளிப்பதும் நெடுங்கால வழக்கம். 2023 மார்ச் மாதத்தில் வந்த மாசி மகத்தன்று, விருந்தினராக வந்த தமிழாசிரியர் ஒருவருக்கு இந்த வழக்கத்தைக் காட்டுவதற்காக நாம் தைக்காலில் நின்றிருந்தோம். மேளத்தின் ஓசை நெருங்கி வந்தது. அந்த ஓசைக்கு ஒரு தாளக்கட்டு இருந்தது. நம் நெஞ்சில் அடித்ததற்கு எந்தத் தாளமும் இல்லை. முன்பு விரைவாக ஓடிற்றே தவிர ஒழுங்காக ஓடிய இதயம், அன்று தடுமாறிற்று. மூன்று துடிப்பு சேர்ந்தாற்போல் வரும், ஒன்று விடுபடும், பிறகு இரண்டு, பிறகு ஒரு பெரிய அடி. தளை தட்டிய வெண்பாவைப் படிப்பது போல் இருந்தது. மூச்சு மேலே ஏறவில்லை. ஒரு கடைத்திண்ணையில் உட்கார்ந்தோம். கால்களைப் பார்த்தபோதுதான் கணுக்கால் வீங்கியிருப்பது தெரிந்தது. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் தம் சொம்பிலிருந்து நீர் கொடுத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆட்டோ வந்தது.

அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என வழங்கப்பட்டு, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்கும் மருத்துவமனையில் நம்மைச் சேர்த்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 148, அதுவும் ஒழுங்கற்றது. இதயத்தின் மேலறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. எக்கோ சோதனையில் இதயத்தின் உந்துசக்தி நூற்றுக்கு நாற்பதாகக் குறைந்திருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் இருப்பது நல்ல நிலை. மாரடைப்பா, இரத்தக்குழாய் அடைப்பா என்று பேசிக்கொண்டார்கள். மகளார் வாசலில் நின்று அழுவது கேட்டது.

இரவுப் பணிக்கு வந்த பெண் மருத்துவர் இளவயதினர். நம்முடைய கடைசி மகளின் வயதுதான் இருக்கும். அவர் ஈ.சி.ஜி. தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, நம்மைப் பார்க்கத் தொடங்கினார். "ஐயா, ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க" என்றார். நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் சிறகடிப்பது போல் நடுங்கிற்று. "பசி எப்படி? எடை குறைஞ்சுதா? வெயில் தாங்குதா? கோபம் அதிகமா வருதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நாம் விடை சொல்லத் தயங்க, நம் வீட்டார் தலையை அசைத்தார்கள். மருத்துவர் பின்னால் வந்து கழுத்தை மெல்லத் தடவி, தண்ணீர் விழுங்கச் சொன்னார். "இதயம் பாவம் ஐயா, அது சொன்னதைச் செய்யுது. சொல்றது வேற ஆள்" என்றார்.

மறுநாள் இரத்தச் சோதனை அவர் சொன்னதை மெய்ப்பித்தது. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி, வேண்டியதைவிடப் பன்மடங்கு சுரப்பை இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்தச் சுரப்பிக்கு அரபியில் அல்குத்தத்துத் தரகிய்யா என்று பெயர். தரகா என்பது தோலால் செய்த கேடயம். கிரேக்கப் பெயரின் பொருளும் கேடயமே. குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல் இருபுறமும் படிந்திருக்கும் இச்சுரப்பி, உணவில் வரும் அயோடினைக்கொண்டு தன் சுரப்பை ஆக்குகிறது. உடம்பின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு விரைவில் எரிபொருளை எரிக்கவேண்டும் என்று கட்டளையிடுவது அந்தச் சுரப்பு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூதை அனுப்பி இதனை ஆள்கிறது. சுரப்பு மிகுந்தால் தூதைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். நம் உடம்பிலோ பிட்யூட்டரி தூதை அறவே நிறுத்திவிட்டது. ஆயினும் சுரப்பு நிற்கவில்லை. பகைவரை எதிர்க்கவேண்டிய நம் உடம்பின் காவற்படையே ஆள்மாறிப்போய், டி.எஸ்.எச். வேடமிட்டுச் சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருந்தது. இதற்குக் கிரேவ்ஸ் நோய் என்று பெயர். தைராய்டு மிகைக்கு மிகுதியான காரணம் இதுவே. முடிச்சு விழுந்த சுரப்பியாலும் வேறு சிலவற்றாலும் அது வருவதுண்டு.

மிகுந்த சுரப்பு முதலில் பிடிப்பது இதயத்தை. இதயத் தசையின் அணுக்களுக்குள் புகுந்து, அது சுருங்கும் வேகத்தையே மாற்றுகிறது. உடம்பெங்கும் சிறு இரத்தக்குழாய்களை விரிக்கிறது. விரிந்த குழாய்களை நிரப்ப இதயம் மேலும் இரத்தத்தை இறைக்கவேண்டும். ஓய்வில் படுத்திருப்பவரின் இதயம் ஓடுபவனின் இதயம்போல உழைக்கும், அதுவும் இரவும் பகலும், மாதக்கணக்கில். இவ்வாறு உழைத்துக் களைத்த இதயத்தின் மேலறைகள் ஒரு நாள் ஒழுங்கு தப்புகின்றன. நோயுற்றோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு இது நேர்வதாகக் கணக்கிடுகிறார்கள். வயது ஏற ஏற இது மிகுதி. முதியோர்க்குக் கண் பிதுங்குவதும் கழுத்து வீங்குவதும் இல்லாமல், இதயக் கோளாறு ஒன்று மட்டுமே வெளியே தெரிவதும் உண்டு. அதனால்தான் நோயைத் தவறவிடுகிறார்கள்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த நாட்களில் நமக்கு இப்னு ஸீனாவின் நினைவு வந்தது. அல்கானூனில் அவர் நாடியின் நடைகளுக்கு எறும்பு நடை, புழு நடை, மான் துள்ளல் என்றெல்லாம் பெயரிட்டிருக்கிறார். மாணவராக இருந்தபோது அதைப் படித்து வியந்ததுண்டு. நம் மணிக்கட்டிலேயே மானும் எறும்பும் மாறி மாறி ஓடும் என்று நினைத்ததில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஸையித் இஸ்மாயீல் ஜுர்ஜானியைத்தான் குறிப்பிடவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் குவாரஸ்ம் மன்னருக்காகப் பாரசீக மொழியில் எழுதிய ஸகீரா என்னும் பெருநூலில், கழுத்துக் கழலையும் கண் பிதுக்கமும் சேர்ந்து வருவதை அவர் குறித்திருப்பதாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மேலைநாட்டில் காலப் பாரி என்ற ஆங்கில மருத்துவர் கண்டெழுதியவை அவர் இறந்தபின் 1825இல் வெளிவந்தன. டப்ளின் நகரத்து ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மானியரான பாஸிடோ 1840இலும் எழுதினார்கள். இம்மூவரும் நெஞ்சுப் படபடப்பையும் கழுத்து வீக்கத்தையும் சேர்த்தே கண்டவர்கள். ஜுர்ஜானியின் பெயரை நாம் சொன்னபோது அந்த இளம் மருத்துவர் தம் கைபேசியில் குறித்துக்கொண்டார். நோயாளியாகப் படுத்திருந்த உஸ்தாதுக்கு அது எத்துணை மகிழ்ச்சி என்று சொல்லவேண்டியதில்லை.

அவர் பதிலுக்கு நமக்கொரு செய்தி சொன்னார். 1991 மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சுத் திணறினார்; இதயத்தின் மேலறை நடுக்கம் என்று கண்டார்கள். உலகமே அவருடைய இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மருத்துவர்கள் கழுத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தனர். அதே கிரேவ்ஸ் நோய். அவருடைய மனைவி பார்பராவுக்கும் முன்னரே அது வந்திருந்தது. "அவர் அதுக்கப்புறம் 94 வயசு வரைக்கும் இருந்தார் ஐயா" என்று மருத்துவர் முடித்தார். தைக்கால் கடைத்திண்ணையில் சாய்ந்தவருக்கும் வெள்ளை மாளிகையில் இருந்தவருக்கும் ஒரே சுரப்பி.

கார்பிமசோல் என்ற மாத்திரை சுரப்பை ஆக்கவிடாமல் தடுப்பது. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஏனெனில் முன்னமே ஆக்கிச் சேர்த்து வைத்த சுரப்பு தீரவேண்டும். அதுவரை இதயத்தின் வேகத்தை அடக்க புரோபிரனலால். மேலறைகள் நடுங்கும்போது அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்க இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின். வீக்கம் வடிய நீர் மாத்திரை. கார்பிமசோல் உண்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ கண்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய் இரத்த வெள்ளணுக்களைச் சோதிக்கவேண்டும். அரிதாகச் சிலருக்கு அவ்வணுக்கள் அறவே குறைந்துவிடும். நம் வீட்டார் இதைச் சமையலறை நாட்காட்டியில் அரபுத் தமிழில் எழுதி ஒட்டிவைத்தார்கள். நம்மிடம் கற்ற எழுத்து, நமக்கே காவலாயிற்று.

மார்ச் 24ஆம் நாள் ரமலான் பிறந்தது. நோன்பு வைக்க மருத்துவர் இணங்கவில்லை. நோயாளிக்குப் பின்னர் நோற்றுக்கொள்ளும் சலுகை உண்டு என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நாம். எனினும் ஊர் முழுதும் ஸஹருக்கு எழுந்திருக்கும் வேளையில், நாம் படுத்தே இருந்தது பெரும் துன்பமாக இருந்தது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்தோம். தராவீஹ் தொழவைக்க வேறொரு ஹாஃபிழ் வந்தார். அவருடைய கிராஅத் காற்றில் வந்தது. நீண்ட வசனங்களை ஒரே மூச்சில் ஓதினார். முந்தைய மாதங்களில் நாம் நிறுத்தக்கூடாத இடங்களில் நிறுத்தி ஓதியது அப்போது நினைவுக்கு வந்தது. பின்னால் நின்ற ஜமாஅத்தார் கவனித்திருப்பார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

அந்தத் தனிமையில்தான் நம் தாயாரை எண்ணினோம். 1987இல் மறைந்தார்கள், மாரடைப்பு என்றே இதுவரை சொல்லி வந்தோம். கடைசி ஈராண்டில் அவர்களுடைய கண்கள் பெரிதாகத் தெரிந்தன. உறவினர் சிலர் அதை அழகென்றும் சொன்னதுண்டு. மெலிந்தார்கள். தையில்கூட முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஆணம் ஊற்றும்போது அகப்பை கிண்ணத்தில் பட்டுத் தாளமிடும். எரிந்து விழுவார்கள்; பிறகு நம்மை அணைத்துக்கொண்டு அழுவார்கள். "உங்கம்மாவுக்கு மனசு சரியில்ல" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நம் செவியில் விழுந்திருக்கிறது. இதுதானா அது என்று இன்று சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் மருத்துவரிடம் சொன்னபோது, அவர் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உங்க அக்கா தங்கச்சிங்க யாரையாவது ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. இது ஆம்பிளைங்களைவிடப் பொம்பிளைங்களுக்குப் பல மடங்கு அதிகம். குடும்பத்துல ஓடும்" என்றார். பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் தொலைபேசியில் சொன்னோம். அவள், "கைநடுக்கம் ஒரு வருஷமாவே இருக்கு காக்கா, வேலை அதிகம்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்கும் இருந்தது. அவள் இதயம் தடுமாறுவதற்கு முன்பே மாத்திரை தொடங்கிவிட்டது. நம் நோயால் விளைந்தவற்றில் நாம் முழுமனத்தோடு நன்றி கூறக்கூடியது இது ஒன்று.

இதயத்தின் ஒழுங்கு எப்போது திரும்பும் என்று கேட்டோம். தைராய்டு சமநிலைக்கு வந்தால் பெரும்பாலோர்க்குத் தானே திரும்பும் என்றார் இதயப்பிரிவு மருத்துவர். ஜப்பானிய மருத்துவர்கள் 1982இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இவ்வாறு நடுக்கம் கண்ட 163 பேரில் 101 பேருக்கு அதற்கெனத் தனிச் சிகிச்சையின்றியே ஒழுங்கு மீண்டிருக்கிறது. பெரும்பாலோர்க்குச் சுரப்பு சமநிலைக்கு வந்த சில வாரங்களிலேயே. நான்கு மாதம் காத்தும் மீளாவிட்டால் தானாக மீள்வது அரிது. மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கப் பார்க்கவேண்டும். ஜூன் மாதச் சோதனையில் நம் சுரப்பு சமநிலைக்கு வந்தது. அன்றுமுதல் நாம் நாள் எண்ணத் தொடங்கினோம். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்ப்போம். தஸ்பீஹ் எண்ணவேண்டிய விரல்கள் நாடி எண்ணின.

ஐந்தாம் வாரம் ஒரு வெள்ளியிரவு. மின்சாரம் நின்றுவிட்டிருந்தது. கிள்ளை ஸ்டேஷனைக் கடந்து ரயில் ஒன்று போயிற்று. அதன் ஓசை தேய்ந்தபின் வழக்கம்போல் விரல் வைத்தோம். ஒன்று. ஒன்று. ஒன்று. விடுபடும் அடிக்காகக் காத்திருந்தோம், அது வரவில்லை. நூறு வரை எண்ணினோம். வீட்டாரை எழுப்பி அவர்கள் விரலை வைக்கச் சொன்னோம். அவர்களும் எண்ணிவிட்டு, "சுவர்க்கடிகாரம் மாதிரி இருக்குங்க" என்றார்கள். இருவரும் விடியும் வரை உறங்கவில்லை. ஈ.சி.ஜி.யும் மறுவாரம் அதையே சொல்லிற்று. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் உந்துசக்தி 58க்கு உயர்ந்திருந்தது. அந்த இதயம் கெட்டுப்போன இதயமே அன்று. விரட்டுபவன் விலகியதும் தன் நடையைத் தானே கண்டுகொண்டது.

எனினும் மாத்திரையை நிறுத்தினால் நோய் மீளக்கூடும். மீண்டும் ஒருமுறை இதயத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்று சொல்லி, நம்மைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சுரப்பிக்கு அயோடின் மீது உள்ள பசியைக்கொண்டே அதனை வெல்லும் வழி இது. 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்பவர் முதன்முதலாகச் செய்தது. விழுங்கியதும் அது நேரே சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, மிகையான அணுக்களை அழிக்கிறது. எட்டு நாளுக்கொரு முறை அதன் வீரியம் பாதியாகும். சுரப்பி பசியோடு இருக்கவேண்டும் என்பதற்காக, முன்னதாகச் சில நாட்கள் கடலுணவையும் அயோடின் உப்பையும் தவிர்க்கச் சொன்னார்கள். கிள்ளைக்காரனுக்கு மீனில்லாத சோறு! இறால் தொக்கு வாசம் அண்டை வீட்டிலிருந்து வரும். நாம் ரசத்தோடு எழுந்துவிடுவோம். வார்ஃபரின் காலத்தில் கீரை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார்கள். இப்போது மீன் கூடாது. மனிதன் எதைத்தான் உண்பது என்று சலித்துக்கொண்டபோது, "கோபம் போச்சுன்னு நெனச்சேன்" என்று வீட்டார் சிரித்தார்கள்.

ஒரு சிறு கூண்டுக்குளிகை. ஒரு குவளை நீர். அவ்வளவே. கடினமாக இருந்தது அதன் பின்னர்தான். நம் உடம்பிலிருந்து கதிர் வெளிப்படும் ஆதலால் குறித்துக்கொடுத்த நாட்கள் வரை சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அண்டக்கூடாது. தனி அறை, தனிப் பாத்திரம். மூன்று வயதுப் பேத்தி வாசற்படிக்கு வெளியே நின்று, "நன்னா, ஏன் வரக்கூடாது?" என்பாள். நன்னாவுக்குள் ஒரு விளக்கு எரிகிறது, அணைந்ததும் வரலாம் என்றோம். இரவானதும் அந்த விளக்குத் தெரிகிறதா என்று பார்க்க அவள் கதவிடுக்கில் கண் வைத்துக்கொண்டிருந்தாளாம்.

விளக்கு நன்றாகவே அணைந்தது. டிசம்பரில் சுரப்பு அடியோடு குறைந்தது. இச்சிகிச்சைக்குப்பின் பலருக்கும் இப்படி ஆவது எதிர்பார்த்ததே என்றார்கள். இப்போது குளிர் தாங்கவில்லை, எதையும் நினைவில் வைக்க முடியவில்லை, தோல் வறண்டது. அதற்குத் தைராக்சின் மாத்திரை: காலையில் வெறும் வயிற்றில், ஆயுள் முழுதும். 2024 ரமலானில் நோன்பு வைத்தோம். மாத்திரையை ஸஹர் உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எழுந்து விழுங்கிவிடுவோம். விடுபட்ட நோன்புகளையும் அதற்குப்பின் நோற்று முடித்தோம்.

உடம்பின் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. அந்தச் சிறுவனின் கணக்கு தீரவில்லை.

அன்று அறைந்தது நாமா, சுரப்பியா? மருத்துவரைக் கேட்டால் நோய் என்பார். நம் வீட்டாரும் அப்படியே சொல்லி நம்மைத் தேற்றினார்கள். நம்மால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. கோபத்தில் கூறிய தலாக் செல்லுமா என்பதைப் பற்றி இப்னுல் கய்யிம் தனியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். கோபத்தை அவர் மூன்று நிலையாகப் பிரிக்கிறார்: தான் சொல்வதை அறிந்தே சொல்லும் தொடக்க நிலை, அறிவே மறைந்துவிடும் முற்றிய நிலை, இரண்டுக்கும் இடையே உள்ள நிலை. முதலிரண்டில் சட்டம் தெளிவு. கருத்து வேறுபாடெல்லாம் இடைநிலையில்தான். பாடமாக எத்தனையோ முறை நடத்திய இந்தப் பகுதி, இப்போது நம்மையே பார்த்துக் கேள்வி கேட்டது. கை ஓங்கியபோது நமக்கு அறிவு மறையவில்லை. அவன் முகம் இன்றும் கண்முன் நிற்கிறது. அன்று நெஞ்சில் ஓடிய வெறி நம் இயல்பும் அன்று. ஆனால் மறுநாள் ஆள் அனுப்பாமல் இருந்தது? அதற்கு அடுத்த வாரம்? அத்தனைக்கும் சுரப்பியைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா?

2024 பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனோம். தந்தை வெளிநாட்டில். தாயார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க ஹஜ்ரத்" என்று பாய் விரித்தார். சிறுவன் வளர்ந்திருந்தான், மேலுதட்டில் நிழலாடிற்று. நம் நோயை அவனுக்குச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பதா, சொல்லாமல் கேட்பதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனோம். சொன்னால் சாக்குப்போக்காகும், சொல்லாவிட்டால் பாதி உண்மை. கடைசியில் முதலில் மன்னிப்பைக் கேட்டுவிட்டோம். அவன் தலைகுனிந்து, "பரவாயில்ல ஹஜ்ரத்" என்றான். தாயார்தாம், "உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சாமே" என்று பேச்சைத் திருப்பினார். அதன்பின் சொன்னோம். அவன் ஆர்வமாக ஒன்று கேட்டான்: "அதனாலதான் அலிஃப் அப்படி வந்துச்சா?" ஆம் என்றோம்.

அவன் நம்மிடம் திரும்பி வரவில்லை. சிதம்பரத்தில் பள்ளிப் படிப்பு. ஓதுவது வேறோர் உஸ்தாதிடம். ஸ்டேஷன் சாலையில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி ஸலாம் சொல்வான், நிற்கமாட்டான். இந்த ஆண்டு அவன் தம்பியைத் தாயார் அழைத்து வந்து சேர்த்தார். அவன் இடக்கையால் எழுதுகிறவன். லாமின் வளைவு வெளியே போய்விடுகிறது. சென்ற வியாழனன்று பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து எழுதிக் காட்டினோம். மூன்றாம் முறை ஓரளவு வந்தது.